வாஷ்பேசினில் போன ஒரே ஆண்

என் கணவர் வாஷ்பேசினுக்கு அடியில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, ஒரு ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீழே சிவப்பு வாளி. வாளியின் வாயில் நான் ஒரு மெல்லிய நைலான் வலைத்துணியை இழுத்துக் கட்டியிருந்தேன். மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வாடகை நாற்காலிகள் வந்து வாசலில் இறங்கிக்கொண்டிருந்தன.

"மெதுவா கழட்டுங்க. ஒரு சொட்டு வெளிய சிந்தினாலும் போச்சு" என்றேன்.

அவர் ஸ்பானரை இன்னும் மெதுவாகத் திருப்பினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு அப்படி. அதை எழுதிக் கொடுத்தாலும் இந்த இதழில் போடமாட்டார்கள்.

நாற்காலி இறக்கியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கம்மல் திருகாணி வுழுந்துடுச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் ஜெபக்கூட்டமே முடிந்துவிடும்.

உள்ளே போனது ஒரு பூச்சியின் வயிறு.

நெற்றியில் இரண்டு புள்ளி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் கணவர் தேவராஜ் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் பங்குதாரர். இரும்புத் தகட்டில் வாஷர், கிளிப், பிராக்கெட் என்று வெட்டியெடுக்க டை என்கிற வெட்டு அச்சும், அதற்குள் இறங்கி வெட்டும் பஞ்ச் என்கிற உளியும் செய்கிறவர். எனக்குப் பூச்சி, அவருக்கு இரும்பு. ஒருவர் மேஜையை ஒருவர் தொடுவதில்லை என்பதுதான் எங்கள் குடும்பம் ஓடிய ரகசியம். அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

தத்துப்பூச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் விளக்கு வைத்ததும் டியூப்லைட்டைச் சுற்றி வந்து சாப்பாட்டுத் தட்டில் விழும். அரிசிமணி அளவுதான். விரலைக் கிட்டே கொண்டுபோனால் நேராக ஓடாது, பக்கவாட்டில் நகர்ந்து இலைக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ளும். இன்னும் கிட்டே போனால் பட்டென்று தெறித்துவிடும். வெண்டை, கத்தரி போட்டவர்களைக் கேளுங்கள், இலையோரம் மஞ்சளாகித் தீய்ந்து சுருள்வதற்கு யார் காரணம் என்று வசவோடு சேர்த்துச் சொல்வார்கள்.

அதில் ஆயிரக்கணக்கான வகை. நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு பேரினம். மரங்களில் வாழ்கிறவை. வைக்கோல் நிறம், கண்ணாடி இறக்கை, நெற்றியில் இரண்டு கறுப்புப் புள்ளி. சிக்கல் என்னவென்றால் அந்தப் பேரினத்தில் உள்ள எல்லாச் சிற்றினங்களுக்கும் இதேதான் அடையாளம். கூடப் பிறந்தவர்கள் என்றாலும் மூக்கு முழியில் ஏதாவது வித்தியாசம் இருக்குமே, இவற்றுக்கு அதுவும் கிடையாது.

முன்காலத்தில் புள்ளி பெரிதா சிறிதா என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்தவற்றிலேயே ஒன்றுக்குப் பெரிய புள்ளி, இன்னொன்றுக்குச் சின்னது. ஒரே சிற்றினத்துக்கு மூன்று பெயர் வந்து சேர்ந்தது, மூன்று சிற்றினங்களைச் சேர்த்து ஒரே பெயரால் கூப்பிட்டார்கள். அந்தக் குழப்பத்தைப் பிரிப்பதிலேயே பலருடைய ஆயுசு போயிருக்கிறது.

கடைசியில் அடையாளம் கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆணின் வயிற்று நுனிக்குள், வெளியே தெரியாமல், அதன் இனப்பெருக்க உறுப்பு இருக்கிறது. கடுகை நாலாக உடைத்தால் வரும் துண்டைவிடச் சின்னது. அதன் வடிவம் மட்டும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். ஒன்றில் கொக்கி, ஒன்றில் முள், ஒன்றில் சுருள். வெளியில் எல்லோருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டு, கையெழுத்தை உள்ளே போட்டு வைத்திருக்கிறார் படைத்தவர்.

ஆகவே ஆண் வேண்டும். ஆணின் வயிற்றைக் கழற்றி, காரக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். சதையெல்லாம் கரைந்துவிடும், ஓடு கரையாது. அதைக் கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் போட்டு, ஊசியால் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஒரு குட்டிக் குப்பியில் அடைத்து, அந்தப் பூச்சியைக் குத்தியிருக்கும் குண்டூசியிலேயே உடலுக்குக் கீழே செருகிவிட வேண்டும். உடலும் வயிறும் ஒரே ஊசியில் இருந்தால்தான் அது சாட்சி.

பெண்ணாக இருந்தால் பேரினம் வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூட வேண்டியதுதான். காஸ் இணைப்புக்குப் போனாலும், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கணவர் பெயர், அப்பா பெயர் என்று கேட்கிறார்கள், பூச்சியிலுமா என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு பந்து

இதை எழுதும்போது வேறொன்று ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டே போகிறேன்.

இந்தப் பூச்சி தன் வயிற்றிலிருந்து ஒரு பால் போன்ற திரவத்தை வெளியே விட்டு, அது காய்ந்ததும் கால்களால் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும், நாம் குழந்தைக்குப் பவுடர் போடுவதைப் போல. மழை ஒட்டாது, அதன் கழிவுப் பிசினும் ஒட்டாது. அந்தப் பவுடரின் ஒரு துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தை ஒரு கருத்தரங்கில் திரையில் போட்டார்கள். உள்ளே வெற்றிடமான ஒரு பந்து. மேலெல்லாம் அறை அறையாக, ஒழுங்காக, சீராக. அப்படிப்பட்ட பந்துகள் அந்த அரிசிமணி உடம்பில் கணக்கில்லாமல் கிடக்கின்றன, தினமும் புதிதாகச் செய்து பூசிக்கொள்கிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஏசிக் காற்று என்று நினைத்துத் தன் சால்வையைக் கொடுத்தார். நான் இத்தனைக்கும் ஆலயத்தில்கூட எளிதில் அழுகிறவள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இவை பாடும். காற்றில் இல்லை, செடியின் தண்டுக்குள். ஆண் வயிற்றை அதிரவைத்தால் அது தண்டு வழியாகப் போய், வேறொரு இலையில் நிற்கும் பெண்ணின் காலுக்குத் தெரியும். பெண் பதில் சொல்வாள். நாம் மரத்தில் காதை வைத்தாலும் கேட்காது. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலுக்கு நடுவே, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒரு மரத்துக்குள் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டு ரயிலுக்கு நடுவில்

எங்கள் வீடு தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. மின்சார ரயில் போனால் பாத்திரம் முனகும். எக்ஸ்பிரஸ் போனால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறவளுக்கு அது நிலநடுக்கம். கிளிசரின் சொட்டு நடுங்கி, உள்ளே இருப்பது உருண்டு, நான் பிடித்து வைத்த கோணம் போய்விடும்.

அதனால் நான் ரயிலுக்கு ரயில் வேலை செய்யப் பழகியிருந்தேன். ஒன்று போனதும் குனிவேன், அடுத்தது வரும் சத்தம் கேட்டதும் நிமிர்வேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, ஆனால் அன்றைக்கு ஆராதனை. ஆண்டவருக்கும் ரயில்வேக்கும் போக மிச்சம் இருந்த நேரத்தில்தான் நான் படித்ததெல்லாம்.

மாப்பிள்ளை தேடிய கதை

பெருங்களத்தூரில் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் யூசுப் பாயின் பைப், பெயிண்ட் கடை இருக்கிறது. கடைக்கு நிழல் ஒரு புங்க மரம். குழாய்க்கு வாஷர் வாங்கப் போனபோது என் புடவையில் ஒரு தத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. என்னுடைய பேரினம். ஆனால் இறக்கை நுனியில் புகைபட்டது போல ஒரு கறை இருந்தது. அப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை. இந்தப் பேரினம் புங்கத்தில் இருப்பதாகவும் நான் எங்கேயும் படித்ததில்லை.

புதிய சிற்றினமாக இருக்கலாம். பெயரே வைக்கப்படாத ஓர் உயிர், பெயிண்ட் கடை வாசலில். அன்றைக்கு வாஷரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புடவையில் வந்தது பெண். அடுத்து வலை வீசிப் பிடித்ததும் பெண். போகும்போதெல்லாம் பெண்தான். ஆண்கள் முதலில் பொரிந்து சீக்கிரம் செத்துவிடுகின்றன, இலை முற்றுவதற்குள் போனால்தான் உண்டு என்பது எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. வாடிக்கையாளர்கள் நடுவே நான் மரக்கிளையில் வலையை ஆட்டிக்கொண்டிருப்பது யூசுப் பாய்க்கு முதலில் சங்கடமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். அதிலிருந்து நான் எப்போது போனாலும் கேள்வி ஒன்றுதான்.

"இன்னா டீச்சரம்மா, மாப்ள ஆப்ட்டாரா?"

ஒரு கோடைமழைக்குப் பிறகு ஆப்ட்டார். ஒரே ஒருவர். கண்ணாடிக் குழாயில் போட்டு, கைப்பையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வயிற்றைக் கழற்றி ஊறவைத்தேன். சனிக்கிழமை காலை கழுவி, வாட்ச் கிளாஸ் என்கிற குழிந்த சின்னக் கண்ணாடித் தட்டில், கிளிசரின் சொட்டில் போட்டேன். நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்ததும் ஏதோ இரண்டாகப் பிரிந்த ஒரு நிழல் தெரிந்தது. அவ்வளவுதான், ரயில் வந்துவிட்டது. நிமிர்ந்தேன். அதே நேரம் நாற்காலி எத்தனை வேண்டும் என்று போன் வந்தது. பேசி முடித்து, அப்படியே சமையலுக்குப் போய்விட்டேன்.

ஜெபக்கூட்டத்துக்கு ஹாலை ஒழித்துக்கொடுக்க வேண்டும் என்று என் கணவர் நல்லெண்ணத்தோடு என் மேஜைக்கு வந்திருக்கிறார். வாட்ச் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு சொட்டைப் பார்த்திருக்கிறார். வாஷ்பேசினில் கழுவி, துடைத்து, பளபளவென்று அதே இடத்தில் வைத்துவிட்டார்.

"காலியாதான் இருந்துச்சு, எஸ்தர்" என்றார்.

வாளிக்குள் ஓர் உலகம்

வளைந்த குழாயில் தேங்கியிருந்த அவ்வளவு தண்ணீரையும் வலைத்துணியில் வடித்தோம். ஓடு கரையாது, உடையாது, தண்ணீரில் அடியில்தான் தங்கும். அந்த நம்பிக்கைதான். சேற்றை எட்டுப் பத்து கிண்ணங்களில் பிரித்து மூடி வைத்தேன். ஜெபக்கூட்டத்தில் ஓர் அம்மா, "இந்த வீட்டுச் சகோதரியின் திருகாணியைக் கண்டுபிடித்துத் தாரும்" என்று உருக்கமாக மன்றாடினார். என் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அடுத்த பல நாட்கள் அந்தச் சேற்றைத் துளித் துளியாகப் பார்த்தேன். தலைமுடி, சோப்பு, பற்பசை. எறும்பின் தலை ஒன்று. கொசுப்புழு கழற்றிப்போட்ட சட்டை, முகம் உட்பட முழுசாக. அந்திப்பூச்சி ஒன்றின் இறக்கைச் செதில்கள், தங்க நிறத்தில். நாம் பல் துலக்கித் துப்பும் இடத்தில் இவ்வளவு அழகு கிடக்கிறதா என்று எனக்குத் தேடுவதே மறந்து மறந்து போயிற்று.

பிறகு அது கிடைத்தது. தேன் நிறத்தில் ஒரு கவை. இரண்டு கிளை, இரண்டும் உள்நோக்கி வளைந்து, உள்விளிம்பில் சீப்பைப் போல வரிசையாகப் பற்கள். அடியில் ஒரு பல் மட்டும் நீளம். என் பேரினத்தின் உறுப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வடிவம் என்னிடம் இருக்கும் எந்தப் படத்திலும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஒரு ரயில் வந்தது, கவை நடுங்கிப் புரண்டது, போனதும் மறுபடி நின்றது.

கூப்பிட்டேன். ஓடி வந்தார், ஆனால் மேஜைக்கு ஓரடி தள்ளியே நின்றுகொண்டார்.

"அதுதானே?"

"தெரியல."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் உண்மை அதுதான். ஏனென்றால் அதே சேற்றில் இன்னும் மூன்று உறுப்புகள் கிடைத்திருந்தன. வேறு வேறு சிற்றினங்கள். வருடக்கணக்காக வாட்ச் கிளாஸ்களை நான் கழுவுவதும் அந்த வாஷ்பேசினில்தான். உதவாது என்று கொட்டியதெல்லாம் குழாய் வளைவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கவை அந்தச் சனிக்கிழமை போனதா, அதற்கு முன்னால் எப்போதோ எங்கிருந்தோ வந்ததில் நான் சரியாகப் பார்க்காமல் விட்டதா? என் மனசுக்குத் தெரியும். மனசு சாட்சி ஆகாது.

குப்பியில் போட்டு அந்த ஊசியில் செருகிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆசை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் துறையில் இப்படி நடந்திருக்கிறது. குப்பி மாறி, ஒன்றின் உடலுக்கு இன்னொன்றின் வயிறு சேர்ந்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள். அப்புறம் வருகிறவர்கள் அந்தப் பூச்சியைக் காடு மேடெல்லாம் தேடுவார்கள். கிடைக்கவே கிடைக்காது, அப்படி ஒன்று படைக்கப்படவே இல்லை.

இதை அவருக்கு அவர் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். "உங்க பட்டறையில தரையில ஒரு பஞ்ச் கெடக்குது. பாத்த ஒடனே இந்த டைக்கு உள்ளதுன்னு சொல்லிடுவீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன். போட்டுப் பாத்துதான் சொல்வேன்" என்றார்.

"இங்க போட்டுப் பாக்க ஒண்ணும் இல்ல. இன்னொரு ஆண் வேணும்."

கவையைத் தனிக் குப்பியில் அடைத்தேன். எங்கே கிடைத்தது என்று சீட்டு எழுதுவது வழக்கம். 'வாஷ்பேசின், தாம்பரம்' என்று எழுதினேன். வயிறில்லாத உடல் ஒரு பக்கம், உடலில்லாத உறுப்பு ஒரு பக்கம் என்று ஒரே பெட்டியில் வைத்து மூடினேன்.

இரும்புப் பலகை

என் கணவர் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர். சில நாட்கள் வீட்டில் எந்தக் கண்ணாடிச் சாமானையும் தொடவில்லை, தண்ணீர்கூட எவர்சில்வர் டம்ளரில்தான் குடித்தார். பிறகு ஒரு நாள் பட்டறையிலிருந்து ஆட்டோவில் ஒரு வார்ப்பிரும்புப் பலகையை ஏற்றிக்கொண்டு வந்தார். அடியில் நாலு மூலையிலும் தடித்த ரப்பர் அடுக்கு. மூன்று பேர் சேர்ந்து தூக்கி என் மேஜைமேல் வைத்தார்கள். "இதுமேல மெஷின வெச்சுப் பாரு" என்றார்.

நுண்ணோக்கியை அவர் மெஷின் என்றுதான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அதற்குள் ஒரு முறையும் பார்த்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்னால் மின்கம்பியில் படுகிறது என்று யூசுப் பாய் கடைப் புங்க மரத்தின் கிளைகளை வெட்டிவிட்டார்கள். செய்தி கேட்டுப் போய்ப் பார்த்தேன். மொட்டை மரம், சாலையெல்லாம் இலை. அந்தப் பூச்சிக்கு நான் அறிந்த வீடு உலகத்தில் அது ஒன்றுதான். பெயர் வைப்பதற்குள் போய்விட்டதே என்று கடைவாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யூசுப் பாய் டீ வரவழைத்தார். மாப்பிள்ளையைப் பற்றி அன்றைக்குக் கேட்கவில்லை.

மழை தொடங்கிச் சில வாரங்களில் அவரே போன் செய்தார்.

"டீச்சரம்மா, மரம் ஃபுல்லா துளிர் வுட்டுகினு கீது. உங்க பூச்சிங்கோ குதிக்குதுங்கோ. சீக்கிரம் வாங்கோ."

வெட்டிய இடத்திலெல்லாம் இளங்கொத்து வெடித்திருந்தது. இந்த முறை கரெக்டாக இலை முற்றுவதற்கு முன். வலையை ஒரு வீசு வீசினேன். உள்ளே வைக்கோல் நிறத்தில் தெறித்தன, நெற்றியில் இரண்டு புள்ளி, இறக்கையில் புகைக்கறை. வயிற்று நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆண். அடுத்ததும் ஆண்.

"ஒரு மாப்பிள்ளை கேட்டா கல்யாணப் பந்தலே வந்திருக்கு, பாய்" என்றேன். பொதுவாக நான் சாலையில் நின்று சிரிக்கிறவள் இல்லை.

கவை

மறுநாள் என் கணவர் பட்டறைக்குப் போகவில்லை. காரணம் சொல்லவில்லை. எதையும் தொட்டுவிடக்கூடாது என்று கைகளைக் கட்டிக்கொண்டு, மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிளிசரின் சொட்டைச் சரிசெய்து குனிந்தேன். இரண்டு கிளை. உள்நோக்கி வளைவு. சீப்பு மாதிரிப் பற்கள். அடியில் ஒன்று மட்டும் நீளம்.

வாஷ்பேசின் குப்பியை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு சொட்டில் வைத்தேன். மாறி மாறிப் பார்த்தேன். அதே கவை, அதே நீளப் பல். அடுத்த ஆணிலும் அதுவே. சோப்புத் தண்ணீரில் கிடந்து, சேற்றில் புதைந்து, வலையில் மாட்டி வந்ததில் ஒரு பல்கூடக் குறையவில்லை. இந்த மரத்தில் இந்த ரோட்டோரம் இதுநாள் வரை யாரும் அறியாமல் இது தலைமுறை தலைமுறையாக இந்த வடிவத்தைப் பிசகாமல் செய்துகொண்டே வந்திருக்கிறது.

"வாங்க" என்றேன். "வந்து பாருங்க."

தயங்கி வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பல்லு எல்லாம் ஒரே பிட்ச்சுல, ஒரே இடைவெளில இருக்கு" என்றார், மிக மெதுவாக. "உள்வளைவுல வேற இருக்கு. இதுக்குள்ள எந்த டூலும் போகாது, எஸ்தர். இத யாராலும் செய்ய முடியாது."

"ம்."

"நான் கழுவி ஊத்தினது இதையா?"

"இதையேதான். பக்கத்துச் சொட்டுல இருக்கு, அதையும் பாருங்க. ஒண்ணும் ஆகல அதுக்கு."

நான் கண்ணாடித் தட்டை நகர்த்திக் கொடுத்தேன். அவர் பார்த்தார். அவர் தோள் இறங்குவது தெரிந்தது.

செங்கல்பட்டு வண்டி வந்தது. பாத்திரங்கள் முனகின, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வழக்கமாக நான் நிமிர்கிற நேரம். இரும்புப் பலகை அசையவில்லை, சொட்டு அசையவில்லை, அவரும் அசையவில்லை. வண்டி போனதே அவருக்குத் தெரியாது.

படம் வரைய வேண்டும், அளவெடுக்க வேண்டும், காரத்தில் இன்னும் இரண்டு ஆண்கள் காத்திருந்தன. என் இடத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் ஒரு ரயில் போகட்டும் என்று அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.